ததேயுவுக்கு முன்னால் வந்த நிழல்

புன்னைத்துறையில் இந்தக் கதையை யார் சொன்னாலும் மீன் ஏலத்தில் இருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் ததேயுவின் நிழலை முதலில் பார்த்தது ஏலத்துக்கு வந்திருந்தவர்கள்தான். சூரியன் அப்போதுதான் கடலை விட்டு மேலே ஏறி ஈரம் உலர நின்றிருந்தது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன. அந்தப் படகுகளுக்கு நடுவே, எந்தப் படகோடும் ஒட்டாமல், எந்த ஆளோடும் சேராமல், ஒரு நிழல் மட்டும் அலையின்மேல் படுத்தபடி வந்தது, அலை எழும்பினால் அதோடு எழும்பி, அலை மடிந்தால் அதோடு மடிந்து, நுரையில் கொஞ்சம் கிழிந்து மறுபடி கூடி, கடைசியில் ஈர மணலில் வந்து ஒதுங்கி, மூச்சு வாங்குகிறவனைப் போலச் சற்று நேரம் அப்படியே கிடந்தது.

"யாருக்க நிழலுட்டி இது, ஆளைக் காணலியே?" என்று மீன்காரி பிரகாசி கூடையை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள். ஏலம் விடுகிறவர் வாயை மூடி, எட்டிப் பார்த்து, வந்தது மீன் எடுக்க வந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் விட்ட இடத்தில் இருந்து கூவத் தொடங்கினார்.

நிழல் எழுந்து ஊருக்குள் நடந்தது. காயவைத்த வலையைத் தாண்டிப் போனது. படகடியில் படுத்திருந்த நாயின்மேல் ஏறி இறங்க, நாய் ஒரு கண்ணைத் திறந்து, தெரிந்த ஆள்தான் என்பதுபோல மூடிக்கொண்டது. கருவாடு விரித்திருந்த இடம் வந்ததும் வெயிலை மறைக்காமல் சுற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும்தான் பிரகாசி, "இது வெளியூர்ச் சரக்கு இல்ல, நம்ம ஊரு நிழல்தான்" என்று முடிவு கட்டி, ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர் நடந்தார்கள்.

கோயில் தெருவின் கடைசி வீட்டில் மெற்றில்டா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடுகிறவள் அவள். வீட்டில் அவளும் மாமனார் சூசை மிக்கேலும் மட்டும்தான், புருஷன் ததேயு மஸ்கட்டில் ஒரு குடோனில் வேலை பார்த்தான், போய் வருஷங்கள் ஆகியிருந்தன. நிழல் வந்து அவள் துடைப்பத்தின்மேல் விழுந்தது. மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள், பிரகாசியும் மற்றவர்களும் தள்ளித்தான் நின்றார்கள், நிழல் விழுகிற தூரத்தில் யாரும் இல்லை. குனிந்து பார்த்தாள். இடது தோள் ஒரு விரல் உயரம் தூக்கலாக இருந்தது, காது இரண்டும் தேங்காய்ச் சிரட்டைபோல விரிந்து நின்றன, பேச ஒன்றும் கிடைக்காதபோது ததேயு பிடரியைச் சொறிவானே, அதேபோல அது பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தது.

துடைப்பம் கையில் இருந்து நழுவியது. "அவுக செத்துட்டாவளா எக்கா?" என்று அவள் பிரகாசியிடம் கேட்டாள்.

"செத்தவுக ஆவியாத்தான் வருவாவ, நிழலா வரமாட்டாவ" என்றாள் பிரகாசி, எல்லாம் தெரிந்தவள்போல. "போனப் போட்டுக் கேளு."

வெள்ளிக்கிழமைதான் அவன் முகம் காட்டிப் பேசுகிற நாள், ஆனால் மெற்றில்டா அன்றைக்கே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தபோது ததேயுவின் முகம் தெரிந்தது, எப்போதும்போல முகம் மட்டும், பின்னால் அடுக்கிய அட்டைப்பெட்டிகள்.

"ஏங்க, உங்க நிழல் இங்க வந்திருக்கு."

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். வாசல்ல கிடக்கு."

ததேயு பிடரியைச் சொறிந்தான். "அதான் பாத்தேன்" என்றான் பிறகு. "கொஞ்ச நாளா உடம்பெல்லாம் ஒரே குளிரு. ஏசின்னு நினைச்சுக்கிட்டேன்."

"கீழ குனிஞ்சே பாக்கலியா?"

"இங்க எந்நேரமும் டியூப்லைட்டு, நாலு பக்கமும் வெளிச்சம். இங்க யாருக்கு மெற்றி நிழல் இருக்கு?" என்றவன், தயங்கி, ஊரில் இருக்கிற உறவுக்காரரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டான். "நல்லா இருக்கா?"

மெற்றில்டா வாசலைப் பார்த்தாள். "இருக்கு. கடல் வழியா வந்த களைப்பு கொஞ்சம் தெரியுது."

"நீங்க நல்லா இருக்கியளா?" என்று அவளும் கேட்டாள்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றான் ததேயு, எல்லா வெள்ளிக்கிழமையும் சொல்வதைப் போலவே.

ஊர் அந்த நிழலை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வெளியே வேலைக்குப் போய் லீவில் வந்த ஆளை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதலில் எந்த வழியாக வந்திருக்கும் என்று பேசினார்கள். அரபிக்கடலில் இறங்கி, குமரிமுனையைச் சுற்றித்தான் வந்திருக்க முடியும் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள், அந்த நீரோட்டத்தில் ஆள் நீந்த முடியாது, நிழல் என்பதால் தப்பித்தது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயில் படி ஏறியபோது உள்ளே விடலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. பங்குச்சாமியார் தாடியைத் தடவி யோசித்து, "ததேயுவுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நிழலும் சேந்துதானே நனைஞ்சிருக்கும்?" என்று கேட்டார், அன்றில் இருந்து அது ஆண்கள் பக்கத்தில், சன்னல் வெளிச்சம் விழுகிற கடைசி பெஞ்சில், வாராவாரம் உட்கார்ந்தது. லீவு நாட்களில் கார்களிலும் வேன்களிலும் கடல் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் கேட்டால் கொடிமரத்து நிழல் என்று சொல்லிவிடுவது என்று யாரும் கூட்டம் போடாமலே ஊர் தீர்மானித்திருந்தது, கொடிமரத்துக்குக் காது உண்டா என்று எந்த வெளியூர்க்காரரும் கேட்கவில்லை.

வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். சூசை மிக்கேல் தன் காலத்தில் சுழிக்காற்றிலும் படகுக்குப் பாய் கட்டியவர், இப்போது முட்டி தேய்ந்து நாற்காலியோடு கிடப்பவர். மகனின் நிழல் பகல் முழுக்க முற்றத்தில் சும்மா இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் வந்தது. "உடம்பு அங்க பாடுபடுது, இது இங்க ஊரு சுத்துது" என்பார். "லேய், ஒரு வேலையைச் செய்யேம்லே" என்று அதைப் பார்த்துக் கத்துவார். அது பிடரியைச் சொறியும்.

ஆனால் அது வேலை செய்யாமல் இல்லை. சாயங்காலம் மெற்றில்டா கடற்கரையில் கடலைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கும்போது மேற்கே இறங்குகிற வெயில் அவள் பிடரியில் விழும். எதிரே எண்ணெய்ச் சட்டி, பின்னால் வெயில், இத்தனை வருஷமும் இரண்டுக்கும் நடுவே அவள் வெந்துகொண்டுதான் நின்றாள். நிழல் வந்த பிறகு அது தினமும் அவளுக்கு முன்னால் கடற்கரைக்குப் போய், சரியாக அவள் நிற்கிற இடத்தில் விழுந்து நின்றது. பிடரியில் குளிர்ச்சி இறங்கியது. ஆலமரத்து நிழலோ கூரை நிழலோ அப்படி இருக்காது, அதில் லேசாக அவன் சட்டையின் சோப்பு வாசனையும் கடல் உப்பும் இருந்தன என்று மெற்றில்டா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். வெயில் சாயச் சாய நிழல் நீளும். மணலைத் தாண்டும், ஒதுங்கிக் கிடக்கிற படகுகளைத் தாண்டும், தலை போய் அலையில் நனையும். அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் பஜ்ஜி வாங்குகிற சாக்கில் வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். பிரகாசி ஒருநாள் சரியாக நெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"எக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் மெற்றில்டா, மாவைக் கலக்கியபடி, முகத்தைத் திருப்பாமல்.

"நிழலுக்குக்கூடவாட்டி ரோசம்?" என்று பிரகாசி சிரித்துக்கொண்டே முழங்கைப் பக்கம் நகர்ந்தாள்.

மெற்றில்டா அதனோடு பேசத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைப் போனில் பேச முடியாததை எல்லாம் பேசினாள். கடலை மாவில் ஒருநாள் வண்டு இருந்தது, பள்ளிக்கூடத்து மதில் மழையில் சாய்ந்தது, அவனுடைய நீலச் சட்டையை எலி கடித்துவிட்டது, அதை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. நிழல் பதில் பேசாது. ஆனால் அவள் சிரித்தால் அதன் தோள் குலுங்கும், அவள் அழுதால் அது நீண்டு வந்து அவள் காலடியில் கிடக்கும். மத்தியானத்தில் சூரியன் உச்சிக்கு ஏறும்போது அது சுருங்கிச் சுருங்கி ஒரு கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடும். அந்த நேரத்தில் மட்டும் அவள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்வாள்.

மீனவர் தெருவைத் தாண்டி இருக்கிற தர்கா தெருவில் இருந்து மைமூன் ஒருநாள் காலையில் வந்தாள். அவள் புருஷன் தோகாவில் இருந்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், "எங்க வீட்டுக்காரவுக நிழல் வார வழில எங்கயாச்சும் பட்டுச்சான்னு கேட்டுச் சொல்லுவியா மெற்றில்டா?" என்றாள். மெற்றில்டா நிழலிடம் கேட்டாள், அது தலையை ஆட்டவில்லை. அதற்குப் பிறகும் மைமூன் காலை வேளைகளில் கடற்கரைக்கு வந்து, சூரியன் ஏறும்வரை தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனாள். மெல்ல மெல்ல, வெளிநாட்டில் புருஷன் இருக்கிற இன்னும் பல பெண்களும் அங்கே நின்றார்கள், அலைகளுக்கு நடுவே ஏதாவது கறுத்தால் எல்லோருடைய கழுத்தும் ஒரே நேரத்தில் நீண்டது.

நிழல் வலது காலை இழுத்து நடக்கிறது என்பது மெற்றில்டாவுக்கு முதல் நாளே தெரியும். கடல் தாண்டி வந்த களைப்பு என்று அன்றைக்கு நினைத்தாள். பிறகு மணலில் நடப்பதால் என்று நினைத்தாள். பிறகு நினைக்காமல் இருந்தாள். உட்காரும்போது அது வலது காலை மடக்காமல் நீட்டியே வைத்தது. படி ஏறும்போது ஒரு கணம் நின்று, இடுப்பை ஒருபக்கம் ஒடித்து, பிறகுதான் ஏறியது. மத்தியானத்தில் சின்னதாக இருக்கும்போது இதெல்லாம் தெரியாது. சாயங்காலம், அது ஒரு தெரு நீளத்துக்கு நீண்டு கிடக்கும்போது, எதையும் மறைக்க முடியாது: முட்டிக்குக் கீழே அந்தக் கால் ஒடிந்து சரியாகச் சேராத மரக்கிளைபோல வளைந்திருந்தது, கடற்கரை முழுவதும் பார்க்கும்படி.

ஊரும் பார்த்தது.  டீக்கடை ஷாகுல் பாய் ஒருநாள், யாரும் கேட்காமலே, கடைக்கு வெளியே வெயில் விழுகிற இடத்தில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நிழல் அந்தப் பக்கமாக வந்து, அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டது. மெற்றில்டா அதைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்த பிறகு தெரியாதவள்போல அவளால் இருக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்ததும், சாப்பாடு ஆச்சா என்று அவள் கேட்கவில்லை.

"ஏங்க, போனை எங்கயாச்சும் சாத்தி வைங்க."

"என்னத்துக்கு?"

"வச்சுட்டு அந்தச் செவரு வரைக்கும் நடந்து காட்டுங்க."

ததேயு சிரித்தான். "என்ன மெற்றி இது, பொண்ணு பாக்குத மாதிரி."

"நடங்க."

"இங்க ஆளுக எல்லாம் இருக்காவ, சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். நடந்து காட்டுங்க."

அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. கன்னத்தில் எலும்பு எடுத்திருப்பதையும், கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதையும் அப்போதுதான் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். பிறகு முகம் போய், திரை கறுத்தது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

இந்தச் சங்கதி பிரகாசியின் மீன் கூடையோடு ஏறி ஊர் முழுக்கப் போனது. அந்த வாரத்தில் இருந்து புன்னைத்துறையின் எல்லாத் தெருக்களிலும், மீனவர் தெருவிலும் தர்கா தெருவிலும் பஜாரிலும், வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும் முதலில் கேட்ட வார்த்தை, "நடந்து காட்டுங்க" என்பதுதான். தாய்மார்கள் மகன்களிடம் கேட்டார்கள், தங்கைகள் அண்ணன்களிடம் கேட்டார்கள். தோகாவிலும் துபாயிலும் குவைத்திலும், கட்டில் கட்டிலாக அடுக்கிய அறைகளில், ஆண்கள் போனைத் தலையணையில் சாத்திவைத்துவிட்டு வெட்கத்தோடு சுவர்வரை போய்த் திரும்பினார்கள். மைமூனின் புருஷன் நன்றாக நடந்தான். மூன்றாம் அடியில் நின்று, அவளுக்காக ஒரு கையை வீசிக் காட்டினான். அன்று மைமூன் மெற்றில்டாவின் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையத் தேங்காய்ப்பால் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு மழைக்காலத்து மேகம் வந்து கடலின்மேல் கவிழ்ந்தது. நாள் கணக்கில் வெயில் இல்லை, வெயில் இல்லாததால் நிழலும் இல்லை. மெற்றில்டா சாயங்காலங்களில் அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலிலேயே இருந்தாள். அது எங்கேயாவது ஈரத்தில் கிடக்கிறதா, சுவரோடு ஒட்டி நிற்கிறதா, இல்லை, வந்த வழியே போய்விட்டதா என்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் மேகம் கிழிந்து வெயில் அடித்தபோது அவள் முற்றத்துக்கு ஓடினாள். நிழல் இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றிய மைபோல வெளிறியிருந்தது. காது இருக்கிற இடம் தெரியவில்லை. கோழிகள் அதன்மேல் நடந்தன, அது விலகக்கூட இல்லை.

நாற்காலியில் இருந்த சூசை மிக்கேலும் அதைப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே அவர் அதைத் திட்டுவதை விட்டிருந்தார். காலை வேளையில் நாற்காலியை அது விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, வானொலியில் வானிலை அறிக்கை கேட்பார், அதுவும் காதை அந்தப் பக்கம் சாய்த்துக் கேட்கும். இப்போது அவர் எழுந்து, சுவரைப் பிடித்து, கோழிகளை விரட்டினார்.

"மக்ளே" என்றார் மருமகளிடம். "அந்தப் போனை இங்க தா."

அவருக்கு நம்பர் போடத் தெரியாது, அவள் போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை எடுத்தான். அப்பா என்று தெரிந்ததும் முகத்தைக் காட்டவில்லை, குடோனின் கூரை மட்டும் தெரிந்தது.

"கால் என்னலே ஆச்சு?"

கூரையில் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "பெட்டி சரிஞ்சு விழுந்துட்டு" என்றது ததேயுவின் குரல். "எலும்பு ஒழுங்காச் சேரல. ஒழுங்கா நடக்க முடியாதுன்னு தெரிஞ்சா அனுப்பிருவாவ. அதான் ஒரு மேசைக்குப் பின்னால நின்னே சமாளிக்கேன்."

"வீட்டுக்கு வர வேண்டியதுதானேலே?"

 "நீங்க சொன்னது ஞாபகம் இருக்குப்பா" என்றான். "பஸ்ஸு ஏறும்போது சொன்னிய. சூசை மிக்கேல் மவன் நொடிஞ்சு வரக்கூடாது, நிமிந்துதான் ஊருக்குள்ள வரணும்னு."

சூசை மிக்கேல் போனைக் கீழே இறக்கி, முற்றத்து நிழலைப் பார்த்து, மறுபடி போனை முகத்துக்கு நேரே தூக்கினார். 

"நான் எவ்வளவோ சொல்லுவேன். வாயி இருக்கு, சொல்லுதேன்" என்றார். "நானே நிமிந்து நின்னு எத்தனை வருசம் ஆச்சு, நீ பாக்கலியா? உனக்க நிழலு மேல கோழி நடக்குதுலே. என்னால பாக்க முடியல. வந்துரு. வீட்டுக்கு வந்துரு மக்கா."

போனின் அந்தப் பக்கம் ஒரு ஆள் அழுகிற சத்தம் கேட்டது. முற்றத்தில், வெளிறிய நிழலின் தோள் குலுங்கியது.

ததேயு வந்த நாளில் புன்னைத்துறையில் மீன் ஏலம் சீக்கிரம் முடிந்தது, ஷாகுல் பாய் மத்தியானத்தோடு அடுப்பை அணைத்தார், பங்குச்சாமியார் மூன்று மணி ஜெபத்தைச் சுருக்கமாகச் சொன்னார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பஸ் வருகிற நேரத்துக்கு ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்றது. மெற்றில்டா முன்னால் நின்றாள், அவள் காலடியில் நிழல். போன் பேசிய நாளில் இருந்து அதற்குக் கொஞ்சம் கறுப்பு திரும்பியிருந்தது, காது தெரிந்தது.

பஸ் வந்து நின்றது. ததேயு இறங்கினான். மேற்கே இருந்து அடித்த வெயில் இறங்கிய எல்லோர் முன்னாலும் ஒரு நிழலை நீட்டிப் போட்டது. அவன் முன்னால் மட்டும் வெறும் தரை. ஊரே கூடி நிற்பதைப் பார்த்ததும் அவன் முதுகை நிமிர்த்தினான். பையைத் தோளில் போட்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, நேராக, கால் இரண்டும் நல்லபடி இருக்கிற ஆளைப் போலவே நடந்து வந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பாதித் தூரத்தில் அவன் உதடு வெளுத்தது. அப்போதும் அவன் நிமிர்ந்துதான் நடந்தான், மெற்றில்டாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

நிழல் அவனை நோக்கிப் போனது, காலை இழுத்து இழுத்து. போய் அவன் பாதத்தில் ஒட்டப் பார்த்தது; அவன் நேராக அடி வைத்தான், அது சாய்ந்து அடி வைத்தது; வேறு பாத்திரத்து மூடியைப் போலச் சரிந்து விலகியது. மறுபடி வந்தது, மறுபடி விலகியது. ததேயு நின்றுவிட்டான். மனிதன் ஒருபக்கம், நிழல் ஒருபக்கம், நடுவில் இரண்டு முழம் வெயில்.

கூட்டம் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னது. "மேக்கப் பாத்து நில்லு" என்றார் ஒருவர். "செருப்பக் கழத்திப் பாரு" என்றாள் பிரகாசி. "நெளலு கோவத்துல இருக்கு, நீ அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசு" என்றார் ஷாகுல் பாய். செருப்பைக் கழற்றினான், மேற்கே பார்த்தான், வாய்க்குள்ளேயே ஏதோ பேசினான். ஒட்டவில்லை. அவன் கைகளை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்வதை மெற்றில்டா பார்த்தாள். இந்த வெயிலிலும் அவனுக்குக் குளிர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் அவன் அருகில் போனாள். எல்லோர் முன்னிலையிலும் அவன் முழங்கையைப் பிடித்தாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து தெருவில் வைத்து அவள் அவனைத் தொட்டதே இல்லை.

"ஏங்க" என்றாள், மெதுவாக. "நொண்டி நடங்க."

"எல்லாரும் நிக்காவ மெற்றி."

"நிக்கட்டும். எல்லாருக்கும் தெரியும். உங்க நிழல் இத்தனை மாசமா இந்தத் தெருவுலதான் நொண்டிக்கிட்டு நடந்துச்சு. ஒரு ஆளு சிரிக்கல."

ததேயு கூட்டத்தைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு ஓரத்தில், இரண்டு பேர் தூக்கி வந்து போட்ட நாற்காலியில், அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கப் பார்த்து, முட்டி விடாமல், மறுபடி உட்கார்ந்து, மகனைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார், வா, பரவாயில்லை, வா என்பதுபோல.

ததேயு மூச்சை விட்டான். தோளில் இருந்து பை இறங்கியது, முதுகு இளகியது, இடுப்பு ஒருபக்கம் ஒடிந்தது, அவன் வலது கால் தரையை இழுத்துக்கொண்டு ஓர் அடி வைத்தது. அந்த அடியில், படகின் அடிப்பலகை மணலைத் தொடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நிழல் அவன் பாதத்தில் இருந்து தொடங்கி, தெருவின் நீளத்துக்கு, கடல் இருக்கிற திசையில் போய் விழுந்தது. அவன் காதுகள் சிவந்தன. "சுடுது" என்றான், ஆச்சரியமாக, தரையைப் பார்த்து, பிறகு வானத்தைப் பார்த்து.

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து கோயில் தெரு ஒன்றும் தூரம் இல்லை, ஆனால் அன்றைக்கு வெகுநேரம் ஆனது, ஏனென்றால் ததேயு அவன் கால் விட்ட வேகத்தில்தான் நடந்தான், அவன் பின்னால் ஊரும் அதே வேகத்தில் நடந்தது. ஓடியே பழகிய பிரகாசி நடந்தாள், சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி உருட்டினார்கள், திரும்பிப் போக வேண்டிய பஸ் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. நாற்காலியைத் தூக்கி வந்தவர்கள் அப்பாவை மகனுக்குச் சமமாகக் கொண்டுவந்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை.

மெற்றில்டாவின் தோளில் ததேயுவின் கை கிடந்தது. அடிக்கு ஒருதரம் அவன் உடம்பின் பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது, சோப்பும் வியர்வையும் கலந்த பாரம், எலும்பும் சதையுமான பாரம். அவள் கால் மணலில் புதைந்து எழுந்தது.

"கனக்குதா மெற்றி?" என்று கேட்டான்.

"கனக்குது" என்றாள் மெற்றில்டா. "கையை எடுத்துராதீங்க."